கவச வண்டியும் அதன் சிற்றுருவும்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னைக்குச் செல்லும் பெருவழிச் சாலையின் அருகில், ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. எங்கள் சிறுவாச்சூர்ப் பக்கத்து மாணவர்கள் அதன் மதிலையும் அகழியையும் கொத்தளங்களையும் கண்டு வியந்து திரும்புவது வழக்கம். கருநாடக நவாபு பதவிக்கு எழுந்த போட்டியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, 1751ஆம் ஆண்டில் இந்த வட்டாரத்தில் பொருதனர். மதில் பகைவனின் குண்டைத் தாங்கும். கொத்தளத்துப் பீரங்கி பகைவனைத் தாக்கும். ஆயினும் கோட்டைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது இருந்த இடத்திலேயே இருக்கும். பகைவன் அதனைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்விடலாம். மதிலும் பீரங்கியும் நடக்கக் கற்றுக்கொண்டால் எப்படி இருக்கும்? அவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு அளித்த விடையே டாங்கி என்னும் கவச வண்டி.

அன்பார்ந்த மாணவர்களே! இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தக் கவச வண்டி எவ்வாறு வளர்ந்தது என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். அதற்குத் துணையாக ஒரு சிறு பொருளைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். மேசைமேல் வைத்துப் பார்க்கும் மாதிரி வண்டியே அப்பொருள். அதில் ஒட்டப்படும் சின்னஞ்சிறு உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டும் ஓர் இடமும் ஒரு காரணமும் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த மாதிரி ஒரு வரலாற்று நூலாகும். தெரியாதவனுக்கு அது வெறும் விளையாட்டுப் பொம்மையே.

முதலில் கவச வண்டியின் இலக்கணத்தைக் காண்போம். 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில், ஆங்கிலேயர் இவ்வண்டியை முதன்முதலாகப் போரில் இறக்கினர். இரகசியத்தைக் காப்பதற்காக இவை தண்ணீர்த் தொட்டிகள் என்று சொல்லி வைத்தனர். தொட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டாங்க்’ என்னும் பெயரே வண்டிக்கும் நிலைத்துவிட்டது. அன்று முதல் இன்று வரை இவ்வண்டி மூன்று தேவைகளைச் சுமந்து திரிகிறது. தாக்கும் வலிமை ஒன்று. தாங்கும் கவசம் ஒன்று. ஓடும் விரைவு ஒன்று. அடுப்பின் மூன்று கற்களைப் போல இம்மூன்றும் ஒத்து நிற்கவேண்டும். கவசத்தைத் தடிப்பாக்கினால் எடை கூடும். எடை கூடினால் விரைவு குன்றும். பெரிய பீரங்கியைப் பொருத்தினால் சுழல்கோபுரம் பெரிதாகவேண்டும். சுழல்கோபுரம் பெரிதானால் கவசமிட வேண்டிய பரப்பும் பெருகும். ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெற முடியும். டாங்கியின் வரலாறு முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலின் வரலாறே ஆகும்.

இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பல நாடுகள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வகை டாங்கியை வைத்திருந்தன. வேவு பார்க்க இலகுவானது, விரைந்து பாய நடுத்தரமானது, அரண்களை உடைக்கக் கனமானது என்று அவை பிரிந்திருந்தன. போருக்குப் பின் இந்தப் பிரிவினை மறையத் தொடங்கியது. எல்லா வேலைக்கும் ஏற்ற ஒரே ‘முதன்மைப் போர் டாங்கி’ என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆங்கிலேயரின் செஞ்சுரியன், அமெரிக்கரின் பாட்டன், சோவியத்து நாட்டின் டி-54, அதன் தம்பியாகிய டி-55 ஆகியவை அக்காலத்தில் பெயர் பெற்றவை. பாட்டன் என்றதும் நம் வீட்டுப் பெரியவர் நினைவு வரலாம். இது ஓர் அமெரிக்கத் தளபதியின் பெயர்.

இனி மாதிரி வண்டிக்கு வருவோம். மாதிரி என்பது பொம்மையிலிருந்து வேறுபட்டது. பொம்மை பார்வைக்கு ஒத்திருந்தால் போதும். மாதிரி அளவில் ஒத்திருக்கவேண்டும். இது நமக்குப் புதிய கலை அன்று. தஞ்சாவூர்க் கைவினைஞர் நெட்டியைச் சீவிச் சீவிப் பெரிய கோயிலை உள்ளங்கை அளவில் அமைத்துவிடுவர். நம் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பிகள் முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு, தாளம் என்னும் கணக்கின்படி உருவம் முழுவதையும் வகுப்பர். 2020ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பமும் தஞ்சாவூர் நெட்டி வேலையும் புவிசார் குறியீடு பெற்றன. அளவு தவறினால் அழகும் தவறும் என்பது இக்கலைஞர்கள் அறிந்த பாடம்.

டாங்கி மாதிரிகளில் உலகெங்கும் மிகுதியாக வழங்குவது 35இல் 1 பங்கு என்னும் அளவு. மெய்யான வண்டியில் 35 சென்டிமீட்டர் இருப்பது மாதிரியில் 1 சென்டிமீட்டராகும். இந்த 35 என்னும் எண் எங்கிருந்து வந்தது? ஜப்பானிய நிறுவனமான தமியா 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மின்கலங்களும் சிறு மின்விசைப் பொறியும் அடங்கவேண்டியிருந்தது. அவை அடங்கும்படி உடற்பகுதியை அமைத்துவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தபோது 35இல் 1 பங்கு என்று வந்ததாம். மின்கலத்தின் பருமன் உலகத்திற்கே ஓர் அளவுகோலை வகுத்துவிட்டது! மற்றோர் அளவு 72இல் 1 பங்கு. அதற்குத் தெளிவான கணக்கு உண்டு. ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் அதில் ஓரங்குலமாக நிற்பான். 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை ஐந்து லட்சம் விமான மாதிரிகளைச் செய்து தரும்படி அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வேண்டியது. அவை இந்த 72இல் 1 பங்கு அளவிலேயே செய்யப்பட்டன. தன் விமானம் எது, பகை விமானம் எது என்று வீரர்கள் பார்த்த அளவில் அடையாளம் காண அவை உதவின. மாதிரி செய்வதும் ஒரு கல்வியே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நம் ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பீரங்கி முன்னோக்கி நிற்கையில் அதன் நீளம் ஏறக்குறைய 10.64 மீட்டர், அகலம் 3.86 மீட்டர். 35ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் 30.4 சென்டிமீட்டர், அகலம் 11 சென்டிமீட்டர். உங்கள் பையிலுள்ள ஓரடி அளவுகோலின் நீளந்தான். வகுப்பில் விகிதக் கணக்கு நடத்துகையில், இத்தகைய கணக்கைக் கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசை மாணவரும் நிமிர்ந்து உட்காருவதைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன்.

ஆனால் இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. நீளம் 35இல் ஒரு பங்காகக் குறையும்போது பரப்பு 35 பெருக்கல் 35, அதாவது 1,225இல் ஒரு பங்காகும். பருமனோ 42,875இல் ஒரு பங்காகும். அர்ஜுனின் எடை 58.5 டன். அதே பொருள்களால் அதே அமைப்பில் அதன் சிற்றுருவைச் செய்தால், அதன் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும். எடை அவ்வளவு குறைய, அதைத் தாங்கும் பரப்பு அந்த அளவுக்குக் குறையாததால், மாதிரி தரையை அழுத்தும் அழுத்தம் மெய்வண்டியின் அழுத்தத்தில் 35இல் ஒரு பங்குதான். மெய்வண்டி புதையும் சேற்றில் மாதிரி புதையாது. எனவே மாதிரி எல்லா உண்மையையும் காட்டிவிடும் என்று எண்ணற்க. வடிவத்தைக் காட்டும், பாரத்தைக் காட்டாது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைப் பின்னர் ஒரு போர்க்களத்தில் காண்போம்.

மாதிரி வண்டிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வருகின்றன. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் செலுத்தி அத்துண்டுகளை வார்க்கின்றனர். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரவேண்டுமாதலால் சில வடிவங்களை அம்முறையில் வார்க்க இயலாது. மிக மெல்லிய தகடுகளும் வாரா. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள சக்கரக் காப்புத் தகடு, மெய்யளவில் 35 மில்லிமீட்டர் தடிப்பாகிவிடும். சேறு தெறிக்காமல் தடுக்கும் ஒரு தகட்டுக்குக் கவசத்தின் கனம் எதற்கு? இந்தக் குறையைப் போக்கவே மேம்படுத்தும் உறுப்புகள் தனியே செய்து விற்கப்படுகின்றன.

அவற்றுள் முதன்மையானவை மூன்று. முதலாவது, அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகடு. மெல்லிய பித்தளைத் தகட்டின்மேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சைப் பூசி, படத்தின் வழியாக ஒளியைப் பாய்ச்சி, இறுகாத இடங்களைக் கழுவிவிட்டு, அங்கே வெளிப்படும் உலோகத்தை இரசாயனக் கரைசலால் அரித்துவிடுவர். பழைய அச்சகங்களில் படம் அச்சிடுவதற்குப் பிளாக் செய்த முறையும் ஏறக்குறைய இதுவே. 0.2 மில்லிமீட்டர்த் தகடு மெய்யளவில் 7 மில்லிமீட்டர் ஆகும். கம்பி வலை, கொக்கி, காப்புத் தகடு ஆகியவற்றுக்கு அது பொருத்தமான கனம். இரண்டாவது, கடைசல் பிடித்த உலோகப் பீரங்கிக் குழல். பிளாஸ்டிக் குழல் பெரும்பாலும் இரு பாதிகளாக வந்து, ஒட்டிய இடத்தில் தையல் போலக் கோடு தெரியும். கடைசல் எந்திரத்தில் சுழற்றிச் செதுக்கிய அலுமினியக் குழலில் அக்குறை இல்லை. மூன்றாவது, ரெசின் வார்ப்பு. ரப்பர் அச்சு வளைந்து கொடுக்குமாதலால், எஃகு அச்சில் வாராத நுணுக்கங்களும் அதில் வரும். இக்காலத்தில் கணினியின் ஆணைப்படி அடுக்கடுக்காக உருவத்தை எழுப்பும் முப்பரிமாண அச்சும் இவற்றோடு சேர்ந்துவிட்டது.

இவ்வுறுப்புகள் அனைத்தையும் வாங்கி ஒட்டிவிட்டால் மாதிரி சிறந்துவிடுமா? இல்லை. எந்த உறுப்பு எந்த ஆண்டில், எந்த நாட்டு வண்டியில், எதற்காக வந்தது என்று தெரிந்து ஒட்டவேண்டும். 1965ஆம் ஆண்டு வண்டியில் 1982ஆம் ஆண்டு உறுப்பை ஒட்டுவது, சோழர் காலக் கல்வெட்டில் ரயில் வண்டியைக் குறிப்பிடுவதைப் போன்றதாகும். சில உறுப்புகளின் கதையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பீரங்கிக் குழலின் மேல் ஓரிடத்தில் ஒரு வீக்கம் காணப்படும். குண்டு வெடித்தபின் குழலில் தங்கும் நச்சுப் புகை, பின்பக்கம் திறக்கும்போது சுழல்கோபுரத்தினுள் நுழைந்து வீரர்களைத் திணறடிக்கும். அதைத் தடுப்பதே இந்த வீக்கத்தின் வேலை. குண்டு அவ்விடத்தைக் கடக்கையில் அழுத்தமுள்ள வாயு சிறு துளைகளின் வழியே வீக்கத்தினுள் புகும். குண்டு குழலைவிட்டு வெளியேறியதும், அந்த வாயு முன்னோக்கிப் பீறிட்டுக் குழலிலுள்ள புகையையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். இந்த வீக்கம் டி-55இல் குழலின் முனையில் இருக்கும். ஆவடியில் உருவான விஜயந்தாவில் குழலின் நடுப்பகுதியில் இருக்கும்.

இந்த வீக்கத்தை ஒட்டி 1971ஆம் ஆண்டுப் போரில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. நம் படையில் டி-55 டாங்கிகள் இருந்தன. எதிர்ப்படையிலோ அவற்றைப் போலவே அமைந்த சீன நாட்டு டைப்-59 டாங்கிகள் இருந்தன. புழுதியிலும் புகையிலும் தம்பியைப் பகைவன் என்று எண்ணிச் சுட்டுவிட்டால் என் செய்வது? அதற்காக நம்மவர் தம் டி-55இன் குழல் நடுவே ஒரு போலி வீக்கத்தைப் பொருத்தினர். அது புகையை இழுக்கவில்லை. எந்திர வேலை எதனையும் செய்யவில்லை. ‘நான் உன்னைச் சேர்ந்தவன்’ என்று தொலைவிலிருந்தே தன் தோழனுக்குச் சொல்வதே அதன் வேலை. இதனை அறியாத ஒருவர் 1971ஆம் ஆண்டு இந்திய டி-55இன் மாதிரியில் அந்த வீக்கத்தைக் கண்டால், யாரோ பிழையாக ஒட்டிவிட்டார் என்று பிடுங்கி எறியக்கூடும். ஒரு விரற்கடைக்கும் சிறிய உறுப்பில் உயிர்களைக் காத்த ஒரு சூழ்ச்சி அடங்கியிருக்கிறது.

அடுத்து, குழலைச் சுற்றிய உறை. வெயில் மேற்பக்கத்தில் படும்போது குழலின் மேற்புறம் சற்று விரியும். கீழ்ப்புறம் அவ்வளவு விரியாது. அதனால் குழல் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் அந்த வளைவே குறியைத் தவறச் செய்யும். வெப்பத்தைச் சமமாகப் பரப்புவதற்கே இவ்வுறை. இராஜஸ்தான் பாலையில் ஓடும் வண்டிக்கு அது எவ்வளவு தேவை என்பதைச் சித்திரை வெயிலில் இரும்புக் கதவைத் தொட்ட எவரும் உணர்வர்.

சில பழைய வண்டிகளில் பீரங்கியின் பக்கத்தில் ஒரு பெரிய விளக்கைக் காணலாம். அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, இரவில் இலக்கைக் காட்டியது. ஆனால் பகைவனிடமும் அத்தகைய கருவி இருந்தால், விளக்கை ஏற்றியவனே முதலில் அகப்படுவான். பின்னர் வெப்பத்தைக் கொண்டே உருவத்தைக் காட்டும் கருவி வந்தது. அது ஒளி எதனையும் வீசாமலே இருளில் காணும். ஆகவே மாதிரியில் அந்தப் பெரிய விளக்கு இருந்தால் ஒரு காலம். அது மறைந்து சிறு கண்ணாடிப் பெட்டி இருந்தால் மற்றொரு காலம்.

இன்னும் சில வண்டிகளின்மேல் செங்கற்களை அடுக்கினாற்போலச் சிறு பெட்டிகள் ஒட்டியிருக்கும். அவை வெடிக்கவசம் எனப்படும். கூம்பு வடிவில் செம்பு பதித்த வெடிகுண்டு ஒன்று உண்டு. அது வெடிக்கும்போது அச்செம்பு ஊசிபோன்ற தாரையாகப் பாய்ந்து தடித்த எஃகையும் துளைத்துவிடும். 1973ஆம் ஆண்டு அக்டோபரில் எகிப்து, சிரியா ஆகிய நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த போரில், காலாள் வீரர்கள் இத்தகைய ஏவுகணைகளால் பல டாங்கிகளை அழித்தனர். அதன்பின் இரு எஃகுத் தகடுகளுக்கிடையே வெடிமருந்தை வைத்த பெட்டிகளை வண்டியின்மேல் பொருத்தும் வழி நடைமுறைக்கு வந்தது. தாரை பட்டதும் பெட்டி வெடிக்கும். தகடுகள் பறந்து தாரையைக் குறுக்கே வெட்டிச் சிதைக்கும். 1982ஆம் ஆண்டு லெபனான் போரில் இஸ்ரேலியர் இதனைப் போர்க்களத்தில் பயன்படுத்தினர். நம் நாட்டு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் மார்க்-1ஏ ஆகியவற்றிலும் இன்று வெடிக்கவசம் உண்டு. 2022ஆம் ஆண்டு முதல் உக்ரைன் போரில், மேலிருந்து தாக்கும் ஆளில்லா விமானங்களைத் தடுக்கச் சுழல்கோபுரத்தின்மேல் இரும்புக் கம்பிப் பந்தல் போடுவதைக் கண்டோம். கூர்ந்து நோக்கின், கவசத்தில் ஏறும் உறுப்புகள் பெரும்பாலும் முன்னொரு போரில் பட்ட காயத்தின் தழும்பே என்பது விளங்கும்.

மாதிரி காட்டாத பாரத்தைப் பற்றி முன்னர்ச் சொன்னேன். 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபில் கேம்கரனுக்கு அருகே அசல் உத்தர் என்னுமிடத்தில் பெரும் டாங்கிப் போர் நடந்தது. பாகிஸ்தான் படையிடம் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள் இருந்தன. நம்மிடம் செஞ்சுரியன்களும், உலகப் போர்க் காலத்து ஷெர்மன்களும், பிரெஞ்சு நாட்டு இலகு டாங்கிகளும் இருந்தன. பாட்டனின் கருவிகள் புதியவை. ஆனால் நம் படையினர் குதிரை இலாட வடிவில் கரும்புத் தோட்டங்களுக்குள் மறைந்து நின்றனர். வயல்களில் நீரைப் பாய்ச்சி நிலத்தைச் சேறாக்கினர். நம் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் ஐப்பசி மழைக்குப்பின் பாரவண்டி ஓட்டியவருக்கு, அங்கு என்ன நேர்ந்திருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. பாட்டன்கள் பல சேற்றில் சிக்கி நின்றன. ஜீப்பில் ஏற்றிய பின்னுதைப்பற்ற பீரங்கியைக் கொண்டு பல டாங்கிகளை அழித்து உயிர்நீத்த அவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரமவீர சக்கரம் வழங்கப்பட்டது. கைப்பற்றிய டாங்கிகளை நிறுத்திவைத்த இடத்துக்குப் ‘பாட்டன் நகர்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. சங்கிலிப் பட்டையின் அகலம் ஏன், வண்டியின் எடை ஏன் என்னும் வினாக்களுக்கு அந்தச் சேறே விடை எழுதியது. பட்டை அகலமாக இருந்தால் பாரம் பரவும். 58.5 டன் எடையுள்ள அர்ஜுன், ஒரு சதுரச் சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோகிராமுக்கும் குறைவாகவே அழுத்துகிறது. அதற்குக் காரணம் அதன் அகன்ற பட்டைகளே.

அந்தப் போர் முடிந்த மூன்று மாதங்களில், 1965ஆம் ஆண்டு டிசம்பரில், ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஆங்கில நாட்டு விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின் பயன் அது. அதன் பீரங்கி 105 மில்லிமீட்டர் வாயுடையது. எடை ஏறக்குறைய 39 டன். வடிவமைப்பு அயல்நாட்டாருடையது, தொடக்கத்தில் உறுப்புகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தன. சிறிது சிறிதாக அவ்வுறுப்புகளை நம் தொழிலாளர் இங்கேயே செய்யக் கற்றனர். அதன்பின் சோவியத்து நாட்டு டி-72 டாங்கி அஜேயா என்னும் பெயரிலும், ரஷ்ய நாட்டு டி-90 டாங்கி பீஷ்மா என்னும் பெயரிலும் ஆவடியில் உருவாயின. 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அத்தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெகிகிள்ஸ் நிகம் என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது.

பிறர் வரைந்த படத்தைப் பார்த்து வண்டி செய்வது ஒரு கல்வி. படத்தையே வரைவது வேறொரு கல்வி. 1974ஆம் ஆண்டில் நாமே ஒரு டாங்கியை வடிவமைப்பது என்று முடிவாயிற்று. ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம் அப்பணியை ஏற்றது. அதுவே அர்ஜுன். 120 மில்லிமீட்டர்ப் பீரங்கியும், ஐதராபாத்தில் உருவாகிக் காஞ்சன்பாக்கின் பெயரால் ‘காஞ்சன்’ எனப்படும் கவசமும் நம்முடையவை. எந்திரத்தையும் நாமே செய்ய எண்ணினோம்; அது உரிய காலத்தில் கைகூடவில்லை. ஆகவே 1,400 குதிரைத்திறனுள்ள ஜெர்மானிய எந்திரத்தைப் பொருத்தவேண்டியதாயிற்று. 2000ஆம் ஆண்டில் 124 வண்டிகளுக்கு ஆணை கிடைத்தது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் ஐந்து வண்டிகள் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. எண்ணத்திற்கும் வண்டிக்கும் இடையே முப்பது ஆண்டுகள்! காலம் நீண்டது என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் அந்த முப்பது ஆண்டுகளில் கற்ற கல்வியும் கணக்கில் சேரவேண்டும்.

அர்ஜுனின் வளர்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 72 புதிய அம்சங்களுடன் உருவான மார்க்-1ஏ என்னும் வண்டி 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் சென்னையில் படைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் 118 வண்டிகளுக்கு ஆணை பிறந்தது. உறுப்புகள் கூடவே எடையும் 68 டன்னாக உயர்ந்தது. அடுப்புக் கற்களின் கணக்கு மறுபடியும் எதிரே வந்து நின்றது. 2020ஆம் ஆண்டில் லடாக் எல்லையில் எழுந்த பதற்றம், மலை உச்சிகளுக்குக் கனமான வண்டி ஏறாது என்பதை நினைவூட்டியது. அதன் விளைவாக ஆவடி ஆராய்ச்சி நிலையமும் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 25 டன் எடையுள்ள ஜோராவர் என்னும் இலகு டாங்கி 2024ஆம் ஆண்டு ஜூலையில் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப்பின் மறைந்துகொண்டிருந்த இலகு டாங்கி, மலையின் ஆணைக்குப் பணிந்து மீண்டும் வந்தது. அதே ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மைசூரில், முதன்மைப் போர் டாங்கிக்கென 1,500 குதிரைத்திறனில் உள்நாட்டிலேயே உருவான எந்திரம் முதன்முதலாக இயக்கிச் சோதிக்கப்பட்டது. பழைய கடன் ஒன்று தீரத் தொடங்கியிருக்கிறது.

மாணவர்களே! விலையுயர்ந்த பெட்டிகளை வாங்கித்தான் இக்கல்வியைப் பெறவேண்டும் என்பதில்லை. அட்டை, பசை, அளவுகோல், பொறுமை ஆகிய நான்கும் போதும். விஜயந்தாவையோ அர்ஜுனையோ நல்ல படங்களைக் கொண்டு அளந்து, 35ஆல் வகுத்து, அட்டையில் வெட்டி ஒட்டுங்கள். ஒவ்வோர் உறுப்பையும் ஒட்டுமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். இது என்ன வேலை செய்கிறது? எந்த ஆண்டில் வந்தது? எந்தத் துன்பத்தைப் போக்க வந்தது? இதற்காக எதனை இழக்க நேர்ந்தது? விடை தெரியாத உறுப்பை ஒட்டாமல் விட்டுவிடுங்கள், தெரிந்தபின் ஒட்டலாம். இயற்பியலும் கணக்கும் வரலாறும் நிலநூலும் ஒரு மேசையில் கூடிவிடும். பின்னாளில் நீங்கள் டாங்கி செய்யாவிட்டாலும், உழவு எந்திரமோ நீர் இறைக்கும் பொறியோ செய்யும்போது அந்த நான்கு வினாக்களும் உங்களுக்குத் துணை நிற்கும்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். உங்கள் மாதிரியின் சுழல்கோபுரத்தில் ஒரு வாயில் இருக்கும். அதன் வழியே மெய்யான மனிதர் உள்ளே இறங்குகின்றனர். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பசந்தர் ஆற்றுப் போரில், அருண் கேத்ரபால் என்னும் இளம் அதிகாரியின் செஞ்சுரியன் தாக்குண்டு தீப்பற்றியது. வண்டியை விட்டு வெளியேறும்படி ஆணை வந்தது. பீரங்கி இன்னும் சுடுகிறது என்று கூறி அவர் வெளியேற மறுத்தார். மறுபடியும் தாக்குண்டு அவ்வண்டியிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 21. கல்லூரியில் இருக்கவேண்டிய வயது. எதிர்ப்பக்கத்து வண்டிகளிலும் அத்தகைய வயதினர் இருந்தனர். 35இல் ஒரு பங்கு அளவில் மனிதன் ஐந்து சென்டிமீட்டர் உயரமே இருப்பான். அந்த அளவுகோலால் அவன் உயிரை மட்டும் சுருக்கிவிட முடியாது. கவசத்தின் ஒவ்வோர் உறுப்பும் அந்த வாயிலின் உள்ளே இருப்பவனைக் காப்பதற்காகவே பிறந்தது. அதனை அறிந்து செய்யும் மாதிரி அறிவைத் தரும். போர் நேராமல் காப்பதே யாவற்றினும் பெரிய கவசம் என்னும் எண்ணத்தையும் தரும்.